வேலி தாண்டிய பீங்கான் கிண்ணம்

அக்காவின் நினைவு மலருக்குக் கல்வெட்டுப் பாட்டை வெண்பாவில் பாடித் தர ஒப்புக்கொண்ட புலவர் ஐயா, வெற்றிலைத் தட்டத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முதலாவதாகக் கேட்டது இதுதான்: "தம்பி, அக்கா சுமங்கலியோ, கைம்பெண்ணோ? அதைச் சொல்லாட்டில் முதற் பாட்டே நகராது."

நான் யோசித்தேன். யோசிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை என்பதை இம்மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர் யாவரும் அறிவர். கடைசியில், "ஐயா, அதுக்கு மறுமொழி சொல்ல மலாயாவிலையிருந்து ஒராள் வரவேணும். அவர் இன்னும் வரேல்லை" என்றேன். புலவர் ஐயா தட்டத்தைத் திருப்பி வைத்துவிட்டார். அதிலிருந்த வெற்றிலையை மட்டும் வைக்கவில்லை.

ஆகையால், கீரிமலையில் முப்பத்தோராம் நாட் கிரியைகளை முடித்து வந்து பந்திக்குக் காத்திருக்கும் உங்கள் கைகளில் பாட்டுக்குப் பதிலாக என் வசனம் இருக்கிறது. பசியோடிருப்பவர்கள் பொறுத்தருள வேண்டும். புலவர் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த மறுமொழியை இதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா புத்தூரில், பருத்தித்துறை வீதியோரத்து இந்த வளவிலேயே மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் ஐயா புகையிலைத் தோட்டக்காரர். அம்மா என்னைப் பெற்ற சில மாதங்களிலேயே காலமானார். உடுவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்க ஆசைப்பட்டிருந்த அக்கா, அந்த ஆசையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டார். நான் வைத்த முதல் அடியும் வாங்கிய முதல் அடியும் அவருடைய கையால்தான். அவர் படித்திருந்தால் இந்தக் குடும்பத்தில் படித்தவர் ஒருவராவது இருந்திருப்பார். என்னை வளர்த்ததில் அவருக்கு மிஞ்சியது என்னவென்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

முதலாவது உலக யுத்தம் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. அத்தான் மலாயாவில் புகையிரதப் பகுதியில் கிளாக்கர். லீவில் வந்து, தொண்டைமானாற்றுச் சன்னதியில் தாலி கட்டி, லீவு முடியும் முன் அக்காவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. என்னையும் துணைக்கு அனுப்பலாம், அங்கே ஏதும் உத்தியோகமும் கிடைக்கலாம் என்று அத்தான் சொன்னார். ஐயா உடனே சம்மதித்தார். "கூட்டிக்கொண்டு போம் தம்பி. உவன் இஞ்சை நிண்டால் தோட்டம் பாழ். அங்கை வந்தால் மலாயாதானே பாழ்" என்றார்.

கொழும்பில் கப்பல் ஏறினோம். துணைக்குப் போனவன் நான். பினாங்கு வரைக்கும் வாந்தியெடுத்தவனும் நானே. என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அக்கா.

புகையிரதப் பகுதியார் கட்டிக் கொடுத்திருந்த வீடுகள் ஒரே வரிசையாக, ஒரே முகத்தோடு நின்றன. அத்தான் ஒன்றின் கதவைத் திறந்துவிட்டுப் பெருமையாக விலகி நின்றார். அக்கா உள்ளே போகவில்லை. வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார்.

"இஞ்சருங்கோ, வேலி எங்கை?"

"இஞ்சை வேலி இல்லையப்பா."

"ஏன், கள்ளர் பிடுங்கிக்கொண்டு போட்டாங்களோ?"

"இல்லை. இஞ்சை ஒருத்தரும் வேலி அடைக்கிறேல்லை."

"அப்ப எது எங்கடை வளவெண்டு என்னண்டு தெரியும்?"

"வளவே எங்கடை இல்லை. எல்லாம் கவுண்மேந்தின்ரை."

அக்கா பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை பிறந்த வீட்டில்கூடத் தொட்டில் கட்டமுன் வேலியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் ஊர் நம்முடையது. ஆளுயர வேலிக்குள்ளே, கிணற்றடியில், வானத்தை மட்டும் சாட்சியாக வைத்து முழுகி வளர்ந்தவர் அவர். அங்கே கிணறும் இல்லை. ஓர் இருட்டறைக்குள் சுவரிலிருந்து ஒரு பித்தளை மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருகினால் தண்ணீர். "ஆர் இறைச்ச தண்ணியெண்டு தெரியாமல் என்னண்டு தலையிலை ஊத்துறது?" என்று அக்கா கேட்டார். எனக்கோ அது சொர்க்கம். தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்கச் சொல்ல அங்கே ஐயா இல்லை.

பிறகு மழை. நம் ஊர் மழை காலம் பார்த்து வரும். அங்கே அது நாள்தோறும் பின்னேரம் உத்தியோகத்துக்கு வருவதுபோல வந்தது. உடுப்பு காயவில்லை. மாரியும் இல்லை, கோடையும் இல்லை, சோளகக் காற்றும் இல்லை. "வானம் இஞ்சை தாழக் கிடக்குத் தம்பி, கையை உயர்த்தினால் நனையும்போலை" என்பார். அத்தனைக்கும் கண்கலங்காதவர், பனங்கிழங்கைக் காயவைத்துப் புத்தூரிலிருந்து கட்டிக்கொண்டு போன ஒடியலைத் திறந்து பார்த்து, அதில் பச்சைப் பூஞ்சணம் பூத்திருப்பதைக் கண்டபோதுதான் அழுதார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் செய்யத் தெரிந்த ஆறுதல் எதுவும் இருக்கவில்லை.

அப்போதுதான் நான் வேலி அடைப்பதென்று முடிவு செய்தேன். மலாயாவில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அதுதான்.

"தம்பி, துரை கண்டால் என்ன சொல்லுவார்?" என்று அத்தான் தயங்கினார்.

"துரை வீட்டிலை பெண்டுகள் முழுகிறேல்லையோ?" என்று உள்ளிருந்து அக்கா கேட்டார். அத்தான் கத்தியைத் தேடி எடுத்துத் தந்தார்.

ஆற்றங்கரையில் தடிகள் வெட்டி நட்டேன். தென்னோலை வாங்கி நானே கிடுகு பின்னினேன். தலைக்குமேல் உயர்த்தி, நெருக்கி அடைத்தேன். வரிசையில் இருந்த மலாய்க்காரர், சீனர், பஞ்சாபிக் காவற்காரர் எல்லோரும் வந்து நின்று பார்த்தார்கள். உள்ளே தொற்று நோய்க்காரர் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார்களாம். துரை ஒருநாள் வந்து பார்த்து, அத்தான் மாடு வளர்க்கிறாரா என்று விசாரித்தார். "நான் தலையைக் குனிஞ்சபடி, இல்லை சேர், மச்சானைத்தான் வளர்க்கிறன் எண்டு சொன்னன்" என்று அத்தான் பின்னர் அக்காவிடம் சொல்லிச் சிரித்தார். வந்தபின் அக்கா சிரித்த முதற் சிரிப்பு அது. அதற்காக அந்த அவமானத்தை நான் மன்னித்துவிட்டேன்.

வேலி அடைத்த சில நாட்களில், காலையில் அக்கா என்னைக் கூவி அழைத்தார்.

"தம்பி, ஓடி வா! உது உசிரோடை கிடக்கு!"

வேலியின் அடிக்கிடுகு மெல்ல உயர்ந்திருந்தது. பச்சைக்கல் காப்புப் போட்ட கையொன்று அதற்குள்ளால் ஒரு பீங்கான் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு மறைந்தது. வெள்ளைப் பீங்கானில் நீலப்பூ. உள்ளே சிவப்பாக, மயிர் முளைத்த உருண்டைகள். நான் தடியால் குத்திப் பார்த்தேன். அசையவில்லை. அத்தான் வந்து அது ரம்புத்தான் பழம் என்றும், அடுத்த வீட்டுச் சீன அம்மா கொடுத்திருப்பார் என்றும் சொன்னார். முதலில் நான் தின்றேன். அக்கா நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாகாததைக் கண்டபின் தானும் ஒன்று எடுத்தார்.

கிண்ணத்தைக் கழுவியபின் பிரச்சினை வந்தது. கொடுத்தவர் வீட்டுக்குப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஓர் உப்புக்கல்லாவது போட்டு அனுப்புவோம். அக்கா பயற்றம் பணியாரம் சுட்டு நிரப்பி, அதே கிடுகுக்குக் கீழால் தள்ளிவிட்டார். மறுநாள் கிண்ணம் அரிசிப் பலகாரத்தோடு திரும்பி வந்தது.

"உவவும் வெறும் பாத்திரம் குடுக்கமாட்டாபோலை கிடக்கு. இப்ப என்ன செய்யிறது?"

"ஆரேனும் ஒராள் நிப்பாட்டத்தானே வேணும் அக்கா."

"நாங்கள் ஏன் நிப்பாட்ட? புத்தூர் ஆக்கள் முறை தெரியாதவை எண்டு நினைக்கவோ?"

அந்தப் பக்கத்திலும் ஏறக்குறைய இதே பேச்சுச் சீன பாஷையில் நடந்திருக்க வேண்டும். கிண்ணம் நிற்கவில்லை. ஒருநாள் அதில் இறைச்சி வந்தபோது, நாங்கள் சைவம் என்று விளக்க வேண்டியிருந்தது. மலாய் மொழி யாருக்கும் சரியாக வராத காலம். ஆகவே நான் முற்றத்தில் நாலு காலில் நின்று பன்றிபோல உறுமிக் காட்டித் தலையை ஆட்டினேன். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தான், "நடிக்கிறமாதிரித் தெரியேல்லை" என்றார். அதன்பின் இறைச்சி வரவில்லை.

வேலியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர் மழையில் என் கிடுகுகள் கறுத்து, சில மாதங்களிலேயே உக்கி விழுந்தன. நட்ட தடிகள் எல்லாம் துளிர்த்து மரமாயின. நான் என் வாழ்நாளில் நட்டுப் பிழைத்தவை அவை மட்டுமே. திரும்ப அடைத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அக்கா அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்த்தார். அங்கே அந்த அம்மா வாசலில் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "இப்ப வேண்டாம். கிண்ணம் போய்வரக் கஷ்டம்" என்றார்.

என் உத்தியோக வாழ்க்கையைப் பற்றி நீண்டு எழுத ஒன்றுமில்லை. புகையிரதத்தில் வடக்கே போகவேண்டிய பொதிகளைத் தெற்கே அனுப்பியதோடு அது நிறைவுற்றது. மலாயாவுக்குப் போய்ப் பென்சன் இல்லாமல், பவுண் இல்லாமல், ஒரு நல்ல சப்பாத்துக்கூட இல்லாமல் திரும்பிய யாழ்ப்பாணத்தான் என்ற பெருமை எனக்கு உண்டு. ஸ்டேசனில் அக்கா என் தலையைக் கோதி, "போ தம்பி. எங்கடை கிணத்தடியிலை ஒரு வாளி தண்ணியை என்ரை பேராலை தலையிலை ஊத்து" என்றார். வந்த அன்றே ஊற்றினேன். அதன்பின் முழுகிய நாளெல்லாம் கடைசி வாளி அக்காவினுடையதாக இருந்தது.

பிறகு யப்பான்காரன் வந்தான். கடிதங்கள் நின்றன. அந்த ஆண்டுகளில் நடந்தவற்றை அக்கா பின்னாளில் சொல்லித்தான் அறிந்தேன். சயாமுக்கு ரயில்பாதை போட ஆட்களைக் கொண்டுபோனபோது அத்தானையும் கொண்டுபோனார்கள். ஒப்பீசுக்குப் போகிறவர்போல வெள்ளை உடுப்பும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கியவர், திரும்பிப் பார்த்து, "கதவுத் திறப்பை வைச்சிட்டுப் போறன். கதவைப் பூட்டாதையும்" என்றாராம். அதுதான் அவர் அக்காவிடம் கடைசியாகச் சொன்னது.

அக்கா கதவைப் பூட்டவில்லை. சீனரைத் தேடிப் பட்டாளம் வரிசைக்குள் வந்த ஒருநாள், அடுத்த வீட்டு அம்மா நெற்றி நிறைய விபூதியோடும் அக்காவின் சேலையோடும் எங்கள் சாமியறையில் கண்மூடி இருந்தாராம். அரிசி இல்லாத நாட்களில் நீலப்பூக் கிண்ணத்தில் மரவள்ளிக்கிழங்கு போனது. மரவள்ளிக்கிழங்கே வந்தது. "ஒரே கிழங்குதான் தம்பி, அங்கையும் இஞ்சையும். எண்டாலும் மாத்தித் தின்னேக்கை வேறை ருசி" என்று அக்கா சொன்னார்.

யுத்தம் முடிந்தது. சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். அத்தானைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அது வேறு ஆள் என்று மற்றொருவர் சொன்னார். செத்ததைக் கண்டவர் எவரும் இல்லை. ஐயாவின் மரணத்துக்குப் பின், ஊருக்கு வரும்படி நான் ஓயாமல் வற்புறுத்தினேன். "அவர் வந்தால் வீட்டிலை ஆள் நிக்கவேணும்" என்பதே அக்காவின் ஒரே மறுமொழியாக இருந்தது. இறுதியில் புகையிரதப் பகுதியார் வீட்டை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அத்தான் வந்தால் புத்தூருக்கு அனுப்பி வைப்பதாக அடுத்த வீட்டு அம்மா அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னாராம். ஸ்டேசனுக்கும் வந்து, ரயில் நகரும்போது யன்னலுக்குள்ளால் எதையோ தந்தாராம். வழிக்குச் சோறு, அதே கிண்ணத்தில். திருப்பிக் கொடுக்க அக்காவுக்கு நேரம் இருக்கவில்லை.

அக்கா வருகிறார் என்றதும் நான் செய்த முதல் வேலை, நம் வீட்டு வேலியை அடைத்ததுதான். பழைய கிடுகு முழுவதையும் கழற்றி, புதுக் கிடுகு, அதற்குமேல் பனையோலை, ஒரு கோழி எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில். இருபது வருஷத்துக்கும் முந்திக் கேட்ட வேலியை நல்ல வட்டியோடு கொடுப்பதாக நினைப்பு. பஸ்ஸால் இறங்கிய அக்கா வேலிக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, வீடு எங்கை?"

"உள்ளுக்கு அக்கா. வேலிக்கு உள்ளுக்கு."

"அவர் ஒருக்காத்தானே வந்தவர், கலியாணத்துக்கு. உப்பிடி மூடி வைச்சால் என்னண்டு கண்டுபிடிப்பார்?"

அன்றைக்கே வீதிப்பக்க வேலியை நெஞ்சளவுக்கு வெட்டினேன். ஊர் அதற்கு மலாயா வேலி என்று பெயர் வைத்தது. அக்கா ஒரு கதிரையை எடுத்துப் போட்டுக்கொண்டு வீதியைப் பார்க்க இருந்தார். பஸ் வரும் ஒவ்வொரு முறையும் எழும்பி நிற்பார். பஸ் போனபின் இருப்பார்.

ஊருக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அக்காவுக்குப் புத்தூர் புது நாடாக இருந்தது. வெயில் சுட்டது. பின்னேரமானால் வானத்தைப் பார்த்து, "இண்டைக்கும் மழை வரேல்லையே" என்பார். கிணற்று நீர் உவர்க்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டு, தானே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். "அங்கை இருக்கேக்கை மனம் இஞ்சை கிடந்தது. இஞ்சை வந்தாப்போலை அங்கை போய்க் கிடக்கு. நான் ஒரு நாளும் முழுசாய் ஓரிடத்திலை இருக்கேல்லைத் தம்பி" என்றார். நான் வழக்கம்போல ஒரு பகிடி சொல்லப் பார்த்தேன். வரவில்லை.

தாலியைக் கழற்றும்படி சொன்னவர்கள் இருந்தார்கள். ஒரு கலியாண வீட்டில், ஆலாத்தி எடுக்கும் இடத்திலிருந்து அக்காவைச் சற்று விலகி நிற்கச் சொன்னவரும் உண்டு. பெயர் எழுத மாட்டேன். அவர் இன்று பந்தியில் இருக்கிறார், அவருக்கும் வடை உண்டு. அக்கா வீட்டுக்கு வந்து, பொட்டை அழித்து, முன்னிலும் பெரிதாக வைத்துக்கொண்டு கதிரையில் போய் இருந்தார்.

மேற்கு வளவு மாமியைப் பற்றி எழுதாமல் முடிக்க இயலாது. எல்லை வேலி ஒரு முழம் நகர்ந்ததா இல்லையா என்று ஐயா காலத்தில் தொடங்கிய வழக்கு. இரு வீடும் முகம் பார்ப்பதில்லை. அக்கா இதொன்றையும் கவனியாமல், ஒரு வெள்ளிக்கிழமை நீலப்பூக் கிண்ணத்தில் மோதகம் நிரப்பி, எல்லை வேலிக்கு மேலால் நீட்டினார். மாமி திகைத்து வாங்கிவிட்டார். பிறகு தவித்துப் போனாராம். வெறுமையாகத் திருப்பவும் முடியாது, நிரப்பித் திருப்பினால் கதைக்கவும் வேண்டிவரும். ஒரு கிழமையின் பின் கிண்ணம் கூழோடு வந்தது. வழக்கு அப்படியே நின்றுபோனது. வழக்குப் பேசிய பிறக்கிராசியார் ஒருவருக்குத்தான் நட்டம். கிண்ணம் போய்வர வேலியில் நானே ஒரு பொட்டு வழி வெட்டிக் கொடுத்தேன், ஆள் குனிந்து வரக்கூடிய அளவுக்கு. அதற்குள்ளால் அக்கா குனிந்து போகும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வரும். புத்தூரில் அவர் முகத்தில் நான் கண்ட மலாயா அது ஒன்றுதான்.

கடைசிக் காய்ச்சல் அதிக நாள் நீடிக்கவில்லை. எழும்ப முடியாதபோது கட்டிலை வாசலுக்கு நேரே இழுத்துப் போட்டோம்.

"தம்பி, பஸ் போட்டுதோ?"

"ஓம் அக்கா, போட்டுது."

"ஆரும் இறங்கினவையோ?"

"இண்டைக்கு இல்லை."

"அப்ப நாளைக்கு" என்றார். மறுநாள் மத்தியான பஸ் வரமுன் அக்காவின் மூச்சு நின்றது.

குளிப்பாட்டியபின் எந்தச் சேலை உடுத்துவது என்ற பேச்சு எழுந்தது. பெரியப்பா, "ஊர் முறைப்படி வெள்ளைதான்" என்றார். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். பிள்ளையில்லாத அக்காவுக்குக் கொள்ளி வைக்கப்போகிறவன் நான். வெள்ளை வேண்டாம் என்ற சின்னச் சொல்லை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்போது மேற்கு வளவு மாமி வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தார்.

"வெள்ளையோ? அவர் செத்ததை இஞ்சை ஆர் கண்டது? சொல்லுங்கோ, கண்ட ஆள் எழும்பட்டும்."

ஒருவரும் எழும்பவில்லை.

"நான் வேலிக்கு அங்காலை நிண்டு நாள்தோறும் பாத்தனான். கைம்பெண் ஒருத்தி உப்பிடித் தெருவைப் பாக்கமாட்டாள். டேய், பெட்டியைத் திற. கலியாணக் கூறைச்சேலை எங்கை?"

நான் பெட்டியைத் திறந்தேன். பெரியப்பா வெளியே போய் வெற்றிலை போட்டார். அக்கா கூறையோடும், தாலியோடும், பெரிய பொட்டோடும் இந்தப் படலை வாசலால் போனார். புலவர் ஐயா கேட்டதற்கு மறுமொழி இதுவே.

காய்ச்சலில் இரவும் பகலும் பார்த்த பரியாரியாருக்கும், பாடை கட்டியவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும், அழுதவர்களுக்கும், அழத் தெரியாமல் என்னோடு சும்மா நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கீரிமலையில் இன்று நான் கடைசியாக ஊற்றுகிற வாளியும் அக்காவின் பேரில்தான்.

மாமிக்கு நன்றி சொல்ல முடியவில்லை. இதை அச்சுக்குக் கொடுக்கும் காலையில் கிண்ணம் அவரிடமிருந்து நிறைந்து வந்திருக்கிறது. இனி நிரப்பவேண்டியவன் நான். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதை மாமி பெருந்தன்மையோடு கருத்திற்கொள்ள வேண்டும்.

கடலுக்கு அப்பால் இருக்கும் அடுத்த வீட்டு அம்மா, இதை உங்களுக்கு வாசித்துச் சொல்ல ஆள் கிடைக்காது. உங்கள் கிண்ணம் உடையாமல் இருக்கிறது. வெறுமையாக இல்லை.

அத்தான், நீங்கள் சொன்னபடி இங்கேயும் கதவு பூட்டுவதில்லை. பஸ்ஸால் இறங்கியதும் யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. வீதியில் நின்று பார்த்தாலே வீடு தெரியும். வேலியை உயர்த்தவில்லை.